பத்துத் தோலாக் கட்டி



மாறுவேடம் பூண்டு தங்கக் கடத்தல்காரரைப் பிடிக்கும் குதிரைவீரர்களை அமெரிக்கப் படங்களில் நாம் பார்த்திருக்கிறோம். அப்படியொரு வேட்டை இந்தியாவிலும் நடந்தது. அங்கே பலமாக அடிபட்டவரோ கடத்தல்காரரல்லர். ஊதுகுழலோடு பட்டறையில் உட்கார்ந்திருந்த பொற்கொல்லர்.

1947-க்குப் பின் இந்திய அரசு தங்க இறக்குமதியை முடக்கியது. இயந்திரமும் எண்ணெயும் வாங்க வேண்டிய அந்நியச் செலாவணி நகைப்பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்பது அதன் எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால், பெண்ணைப் பெற்றவர் பொன் வாங்காமல் இருப்பாரா? உலகச் சந்தையில் அவுன்ஸ் 35 டாலர் விற்ற 1960களின் தொடக்கத்தில், பம்பாயில் விலை அதைப்போல் இருமடங்கு. ஆகவே துபாயிலிருந்து மரக்கலங்கள் இரவில் வந்தன. பத்துத் தோலாக் கட்டி ஒன்று 116 கிராமுக்குச் சற்று அதிகம். சிறு பைகள் வரிசையாகத் தைத்த உட்சட்டையில் அவற்றைச் செருகிக்கொண்டு ஆட்கள் கரையேறினர்.

இவர்களைப் பிடிக்க 1957 டிசம்பரில் வருவாய்ப் புலனாய்வுத் துறை அமைந்தது. துப்புக் கொடுத்தவருக்கு வெகுமதி உண்டு. 1962 சுங்கச் சட்டப்படி, கடத்தல் தங்கம் எனக் கருதிக் கைப்பற்றப்பட்டால், அது கடத்தலல்ல என்று வைத்திருந்தவரே நிரூபிக்க வேண்டும். ரஜூலா கப்பலில் ஊருக்குப் போன நம்மவர்களுக்கு நாகப்பட்டினத்துச் சுங்கச் சோதனை என்றால் நெஞ்சு படபடத்ததில் வியப்பில்லை!

சீனப் போர் முடிந்த கையோடு, 1963 சனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது! அதாவது, 24 பங்கில் 14 பங்கு பொன், மீதி செம்பும் பிறவும். அதில் தாலி செய்யச் சொல்லி யார் வருவார்கள்? பட்டறைகள் அணைந்தன. பிழைப்பிழந்த பொற்கொல்லர் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். 1966-இல் காரட் வரம்பு நீங்கியது. 1968 சட்டமோ உரிமமும் கணக்கேடும் கேட்டது.

கடத்தல் நின்றதா? இல்லை. இராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஹாஜி மஸ்தான், கடத்தல் உலகின் பெரும்புள்ளி என்று பெயரெடுத்தது இக்காலத்தில்தான். 1974-இல், விசாரணையின்றிக் கடத்தல்காரரைக் காவலில் வைக்கத் தனிச் சட்டமே வந்தது.

உளவாளிகள் சாதிக்காததை விலை சாதித்தது. 1990-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1992-இல் வெளிநாட்டு இந்தியர் வரி கட்டி 5 கிலோவரை கொண்டுவரலாம் என்றார்கள். பழைய கடத்தல் படுத்துவிட்டது. 2013-இல் வரி 10 விழுக்காடானதும் மறுபடி எழுந்தது, இம்முறை விமானத்தில். 2022-இல் வரி 15 ஆனது. 2024 ஜூலையில் 6 ஆக இறங்கியபோது கடத்தலின் இலாபமும் கூடவே இறங்கியது.