ஐந்தாம் அலகில் இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன?



போன வாரம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். மகள் திண்டிவனத்தில் பொறியியல் படிக்கிறாளாம். "சார், சி பாடத்தில் ஃபைலையும் கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட்டையும் ஏன் ஒரே அலகில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் ஐந்தாம் அலகு அப்படித்தான் இருக்கிறது. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அன்று மெனுவும் இல்லை, மவுஸும் இல்லை. டெலிடைப் என்ற கருவியில் தட்டினால் பதில் காகிதத்தில் அச்சாகி வரும். ஒரு கோப்பை நகலெடுக்க 'சிபி' என்று தட்டி, அதே வரியில் பழைய கோப்பின் பெயரையும் புதிய கோப்பின் பெயரையும் தட்டுவார்கள். மொத்தம் மூன்று சொற்கள். அந்த எண்ணிக்கைதான் 'ஆர்க்சி'. சொற்களின் வரிசைதான் 'ஆர்க்வி'. அதில் 0-ஆவது இடத்தில் புரோகிராமின் பெயர், 1-இல் படிக்க வேண்டிய கோப்பு, 2-இல் எழுத வேண்டிய கோப்பு.

1972 வாக்கில் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸின் கருவே சி-யில் திருப்பி எழுதப்பட்டது. 1978-இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகம் வந்தது. கோப்பைத் திறப்பது எப்படி என்று விளக்க அதில் எடுத்துக்கொண்ட உதாரணம் 'கேட்' புரோகிராம். கமாண்ட் லைனில் பெயர் சொன்ன கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். அங்கே இரண்டும் ஒரே பாடம்.

நம் பக்கம் பிரிந்தது எப்படி? 1987-இல் டர்போ சி வந்தது. நீலத்திரை உங்களுக்கு நினைவிருக்கும். கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடிவிடும். ஆர்க்யுமென்ட் கொடுக்கும் இடம் ரன் மெனுவுக்குள் ஒளிந்திருந்தது, யாரும் அங்கே போகவில்லை. கோப்பின் பெயரைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதினோம். ஆர்க்சியும் ஆர்க்வியும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிப்போயின. உங்களை மனப்பாடம் செய்ய வைத்தவர்களில் நானும் ஒருவன்.

அதன் பலனை நானே அனுபவித்தேன். ஏ பிரிவின் தேர்வு மதிப்பெண்களை என் புரோகிராம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. மறுநாள் பி பிரிவுக்கும் அதையே ஓட்டினேன். பெயர் உள்ளேயே இருந்தது, திறந்த முறை 'டபிள்யூ'. அந்த முறையில் திறந்த நொடியே பழையது காலி. ஏ பிரிவு மொத்தமும் போயிற்று. இரவு முழுக்க விடைத்தாளைப் பார்த்து மறுபடி தட்டினேன். பெயரைக் கமாண்ட் லைனில் வாங்கியிருந்தால் பிரிவுக்கு ஒரு கோப்பு கிடைத்திருக்கும். ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் 'ஆர்' முறையில் திறந்து பார்த்திருந்தாலும் தப்பித்திருப்பேன்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியது இதுதான்: "டெர்மினலைத் திற. கோப்பை நகலெடுக்கும் புரோகிராமை நீயே எழுது. ஆர்க்சி 3 இல்லை என்றால் நிறுத்து. எஃப்ஓபன் 'நல்' கொடுத்தால் நிறுத்து. இருபது, முப்பது வரிதான். ஐந்தாம் அலகு முழுக்க அதற்குள் இருக்கிறது."

என்னிடம் மனப்பாடம் செய்தவர்களும் இப்போது ஒருமுறை எழுதிப் பாருங்கள். வாழ்க வளமுடன்.