முண்ணாண் காயமும் நிமிரும்போது தாழும் இரத்த அழுத்தமும்

படுத்திருப்பவர் எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மில்லிமீற்றர் பாதரசம் குறைந்தால் அதை நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்பர். முண்ணாண் காயமடைந்தோருக்கு நிற்கவே வேண்டியதில்லை. கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்தாலே தலை சுற்றும், கண் இருட்டும், சிலர் மயங்கிவிடுவர். இதைப் படுக்கையில் கிடந்ததால் வந்த சோர்வென்று வீட்டார் எண்ணுவது தவறு. உடல் நிமிரும்போது அரை லீற்றருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. அப்போது மூளை பரிவு நரம்புகள் வழியாக நாளங்களை இறுக்கும். கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ முண்ணாண் கடுமையாகச் சேதமுற்றவருக்கு அந்தக் கட்டளை வயிற்று நாளங்களைச் சரிவரச் சென்றடைவதில்லை. இதயத் துடிப்பு கூடினாலும் அது ஈடாகாது. செயலிழந்த கால் தசைகளும் இரத்தத்தை மேலே தள்ளுவதில்லை.

இலங்கையின் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் கடலுக்கும் வாவிக்கும் இடையே உள்ள குருக்கள்மடத்தில் இதன் பராமரிப்பு முதலில் வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. முதன்மையான புனர்வாழ்வு வைத்தியசாலை தொலைவில், நாட்டின் மேற்கே றாகமவில் இருக்கிறது. அங்கே உடலைப் படிப்படியாக நிமிர்த்தும் சாய்மேசையில் பழகியவரும் மிச்சக் காலத்தைத் தம் வீட்டு வெக்கையில்தான் கழிக்க வேண்டும். வெப்பம் நாளங்களை விரித்து அழுத்தத்தை மேலும் தாழ்த்தும். குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கும் சிரமத்துக்கு அஞ்சிப் பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். இதுவே பெரிய இடர். நேரம் வகுத்துக் குடித்து, நேரம் வகுத்துச் சிறுநீர் எடுப்பதுதான் சரி. தலைமாட்டைப் படிப்படியாக உயர்த்துவது, எழும்புமுன் வயிற்றுப் பட்டியும் அழுத்தக் காலுறையும் அணிவது, ஒரேயடியாக வயிறு நிறைய உண்ணாமல் பிரித்து உண்பது ஆகியவை அடுத்த படிகள். உணர்வற்ற தோலில் பட்டி புண்ணாக்காதபடி நாளும் பார்க்க வேண்டும். உப்பைக் கூட்டுவது சிறுநீரகமும் இதயமும் சீராக உள்ளவருக்கே, அதுவும் வைத்தியர் சொன்னால் மட்டுமே.

பட்டிக்கும் காலுறைக்கும் ஆய்வுச் சான்று மெலிது, நாளங்களை இறுக்கும் மிடோட்ரின் மாத்திரைக்கே சான்று சற்று வலுவானது என்பர். அது உண்மையே. ஆனால் அம்மாத்திரை படுக்கும்போது அழுத்தத்தை மிகையாக ஏற்றக்கூடும். படுப்பதற்கு நான்கு மணி நேரத்துக்குள் அதை எடுக்கலாகாது. பட்டியோ பயனில்லையெனில் கழற்றிவிடலாம். ஆகவே எளியதை முதலில் முயன்று, போதாதபோது மருந்தை நாடுவதே நியாயம். சில வாரங்களில் தானே சரியாகும் என்ற வாதமும் உண்டு. சிலருக்கு உடல் பழகிக்கொள்ளும், பலருக்கு நீடிக்கும். தலைசுற்றல் எதுவும் இல்லாதவருக்கு அளவு தாழ்ந்திருப்பதற்காக மட்டும் மருந்து தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்காரும் வலிமை சிறிதல்ல. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966 இல் அங்கே புனர்வாழ்வு நிலையமும் உருவானது.

மயக்கம் வந்தால் உடனே படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள்; நாற்காலியிலானால் அதைப் பின்னே சாயுங்கள். ஆனால் கடும் தலைவலியும் காயத்துக்கு மேலே வியர்வையும் திடீரென வந்தால் அழுத்தம் ஏறியிருக்கலாம், அப்போது படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்த்து, தணியாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.