ஆரோவில்: பொட்டலில் எழுந்த காடு

புதுச்சேரிக்கு வடக்கே, குயிலாப்பாளையம், இடையன்சாவடி, ஆலங்குப்பம் முதலிய ஊர்களுக்கு நடுவே ஒரு செம்மண் மேடு இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று அங்கே ஆரோவில் என்ற நகரம் தொடங்கப்பட்டது. அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை வகுத்த திட்டப்படி, 124 நாடுகளின் மண் தாமரை மொட்டு வடிவக் கலசம் ஒன்றில் இடப்பட்டது. பக்கத்தில் தனித்து நின்ற ஆலமரமே நகரின் மையம் என்று குறிக்கப்பட்டது. சுற்றிலும் பார்த்தால் பனையும் முந்திரியும் மானாவாரிக் கொல்லைகளும்தான், மற்றபடி பொட்டல்.

அந்த மேடு ஆதியிலிருந்தே பொட்டலாக இருந்ததல்ல. காடு வெட்டப்பட்டு, தழைத்ததை ஆடுமாடுகள் மேய்ந்து தீர்த்தபின், வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனது. மிஞ்சியவை ஆழமான ஓடைகளும் இறுகிய செம்மண்ணும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே, 50,000 பேர் வாழும் சுருள் வடிவ நகரையும் அதைச் சூழ்ந்த பசுமை வளையத்தையும் இந்த நிலத்துக்காகத்தான் வரைந்தார்.

குடியேறியவர்களுக்கோ நகரத்தைவிட நிழலும் தண்ணீரும்தான் முதல் தேவை. சவுக்குக் கழிகளும் கீற்றும் கொண்டு குடிசை போட்டார்கள். மழைநீர் ஓடிவிடாமல் நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுத்தார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள், குளம் வெட்டினார்கள். கன்றுகளுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் போயிற்று. மண்வெட்டி பிடித்ததில் சுற்று வட்டார ஊர்க்காரர்களின் பங்கு பெரிது. ஆரோவில் காட்டைப் பற்றிய எந்த வரலாறும் அவர்களை விட்டுவிட்டு முழுமை பெறாது.

முதலில் வேகமாக நிழல் தந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வகை வேல மரம். அதன் சருகு மண்ணுக்கு உரமாயிற்று. ஆனால் அந்த மண்ணுக்கு உரியது சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு. அதன் எச்சம் மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற இடங்களில் மட்டுமே தப்பியிருந்தது. சாமிக்கு அஞ்சிக் கோடரி படாமல் விடப்பட்ட காடுகள் அவை. அத்தகைய தோப்புகளில் விதை பொறுக்கிக் கருங்காலி, வீரை, உலக்கைப்பாலை, காயா முதலியவை நடப்பட்டன. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அந்த வேல மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் உள்நாட்டு மரங்கள் மேலெழ வெளிச்சம் கிடைத்தது. இதுவரை நடப்பட்டவை இருபது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு.

ஆரோவில்லில் நிலமும் வீடும் தனி ஆள் யாருக்கும் சொந்தமல்ல. குடியிருப்பவர் வீட்டை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ முடியாது. 1973இல் அன்னை மறைந்தபின் நிர்வாகம் யாருடையது என்ற பூசல் முற்றி, 1980இல் மத்திய அரசு தலையிட்டது. 1988ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தால் சொத்துகள் அந்த அறக்கட்டளையிடம் சேர்ந்தன.

வீடு கட்டும் முறையும் நிலத்தை ஒட்டியே வளர்ந்தது. தோண்டிய செம்மண்ணில் சிறிது சிமென்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமலே கல் அறுக்கிறார்கள். விறகு மிச்சம், கல் எடுத்த பள்ளம் பலவிடங்களில் மழைநீர்க் குளமாகிறது. 1997இல் திறந்த பொதுச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணம் சூரிய வெப்பத்தைக் குவித்து, சமையலுக்கு நீராவி தருகிறது.

இன்று ஏறத்தாழ 60 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். வரைபடத்து நகரம் எழவேண்டிய இடத்திலும் காடு வளர்ந்துவிட்டதால் சிக்கல் வந்தது. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது குடியிருப்போரில் பலர் எதிர்த்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல், சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது.