தண்ணீரில் தங்கிய ரோடியம்

ரோடியத்துக்கென்று யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு பகுதியில் பிளாட்டினத்துக்காக உடைக்கும் பாறையோடு அதுவும் வருகிறது. ஒரு டன் பாறையில் ஒரு கிராம்கூடத் தேறாது. கிடைப்பதில் பெரும்பங்கு கார்களின் புகையைச் சுத்தப்படுத்தப் போய்விடும். மீதியில் கொஞ்சம் வேதி ஆலைகளுக்கு வருகிறது. ஆல்கீனோடு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து ஆல்டிஹைடு ஆக்குவது அங்கே அதன் வேலை.

அந்த வேலையை முதலில் பார்த்தது கோபால்ட். 1938-இல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில், ரூர்கெமி நிறுவனத்தின் ஓட்டோ ரோலன் செயற்கை எரிபொருள் ஆராய்ச்சிக்கிடையே இந்த வினையைக் கண்டுபிடித்தார். கோபால்ட் மலிவுதான், ஆனால் 200, 300 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் அசைந்தது. 1960-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப்ரி வில்கின்சனின் குழு ரோடியத்தைப் பாஸ்பீனோடு இணைத்தபோது, அறை வெப்பநிலையிலேயே வினை நடந்தது. 1970-களில் யூனியன் கார்பைடு அதை ஆலைக்குக் கொண்டுவந்தது: சுமார் 100 டிகிரி வெப்பம், 20 வளிமண்டலத்துக்கும் குறைந்த அழுத்தம்.

வினையூக்கி செலவாவதில்லை என்று பள்ளியில் படிக்கிறோம். செலவாகாதுதான், ஆனால் தொலைந்துபோகும். விளைந்த ஆல்டிஹைடிலேயே ரோடியமும் கரைந்து நின்றால், வடித்துப் பிரிக்கும் சூட்டில் கொஞ்சம் கெடும், கொஞ்சம் கசடோடு போகும். 2021-இல் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரை நெருங்கிய உலோகம் இது. வேகத்தைவிட அதைத் திரும்பப் பிடிக்கும் சாமர்த்தியமே பெரிது என்பேன்.

அந்தச் சாமர்த்தியம் பிரான்சிலிருந்து வந்தது. ரோன்-பூலாங்க் நிறுவனத்தின் எமில் குன்ட்ஸ், பாஸ்பீனில் சல்ஃபோனேட் தொகுதிகளை ஒட்டி அதைத் தண்ணீரில் கரையவைத்தார். பாஸ்பீன் போன இடத்துக்கு ரோடியமும் போனது. 1984-இல் ஓபர்ஹவுசனிலேயே ஆண்டுக்கு 1,00,000 டன் ஆலை ஓடத் தொடங்கியது. புரோப்பிலீன் உள்ளே போகிறது. பியூட்டிரால்டிஹைடு மேலடுக்காகப் பிரிந்து நிற்கிறது. கீழே தண்ணீரில் ரோடியம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது. விளைபொருளோடு தப்பிப்போவது நூறு கோடியில் சில பங்குதான். அந்த ஆல்டிஹைடு பின்னால் ஆல்கஹாலாகி, பி.வி.சி.யை வளையவைக்கும் நெகிழ்வூட்டியாக மின்கம்பி உறைவரை போகிறது.

ஆனால் நீளச் சங்கிலி ஆல்கீன்கள் தண்ணீரில் கரைவதே இல்லை. ரோடியம் இருக்கும் இடத்துக்கு அவை வந்து சேர்வதில்லை. சலவைப் பொருளுக்கான ஆல்கஹால் செய்யும் ஆலைகள் பலவற்றில் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிக்கொண்டு இன்றும் கோபால்ட்தான் ஓடுகிறது.