விரல் அடையாளமும் வரிசையும்: பிரேசிலியரின் விசா வரலாறு

2004 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் பிரேசில் விமான நிலையங்களில் வந்திறங்கிய அமெரிக்கர்களுக்கு மட்டும் ஒரு தனி வரிசை. படம் எடுக்கவேணும், விரல் அடையாளம் வைக்கவேணும். விசாவோடு வருகிற வெளிநாட்டவர்களிடம் அமெரிக்கா இதையே அந்த மாதம் செய்யத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பியர்களில் பெரும்பாலானோருக்கு விலக்கு இருந்தது, பிரேசிலியருக்கு இல்லை. அவர்கள் செய்வதை நாமும் அவர்களுக்குச் செய்வோம் என்ற கணக்கில் மாட்டோ குரொஸோ மாநிலத்து நீதிபதி ஒருவர் கட்டளை போட்டார். ரியோவில் பயணிகள் மணிக்கணக்காகக் காத்து நின்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த நகரச் சுற்றுலாத்துறை பூவும் ரீ-சேர்ட்டும் குடுத்தது. சாவோ பாவ்லோவில் ஓர் அமெரிக்க விமானி படம் எடுக்கும்போது நடுவிரலைக் காட்டிக் கைதாகி, கிட்டத்தட்ட 36,000 ரியால் தண்டம் கட்டினார்.

இதை வாசிக்கும்போது எங்களைப் போன்ற கடவுச்சீட்டுக்காரருக்கு ஒரு கள்ளச் சந்தோசம் வரும். வராட்டித்தான் ஆச்சரியம். பிரேசில் வெளிநாட்டமைச்சு இதைப் 'பரஸ்பரம்' என்கிறது: நீ விசா கேட்டால் நானும் கேட்பேன், நீ கட்டணத்தைக் கூட்டினால் நானும் கூட்டுவேன். ஆனால் வரிசையில் நிண்ட பிரேசிலியருக்கு இதால் என்ன கிடைச்சது எண்ட கேள்வியை ஆரும் பெரிதாகக் கேட்பதில்லை.

அந்த வரிசை எப்படி உருவானது? மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கவர்னடோர் வலதாரெஸ் எண்டு ஒரு நகரம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வானொலிக் கருவிகளுக்குத் தேவையான மைக்கா தேடி அமெரிக்கர்கள் அங்கே வந்தார்கள். யுத்தம் முடியப் போய்விட்டார்கள், ஆனால் தொடர்பு விடவில்லை. 1960களில் சில இளைஞர்கள் வேலை தேடி அமெரிக்கா போனார்கள். 1980களில் பணவீக்கம் சம்பளத்தைத் தின்னத் தொடங்கியபோது ஊரே பொஸ்டன் பக்கம் பெயர்ந்தது. அவர்கள் அனுப்பிய காசில் வீடுகள் எழும்பின, நகரத்துக்கு 'வலடொலரெஸ்' எண்டு பட்டப்பெயரும் வந்தது. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அமெரிக்கச் சட்டம் இந்த மனிதர்களை எப்படிப் பார்க்கிறது என்பது முக்கியம். 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், பிரிவு 214(பி): சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்க வருகிறவர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரியின் பொறுப்பு. சம்பளத்துண்டு, காணி உறுதி, கலியாணப் பதிவு எல்லாம் அதற்குத்தான். விசாவே தேவையில்லை என்ற சலுகை வேண்டுமென்றால் நாட்டின் நிராகரிப்பு வீதம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேணும். பக்கத்து நாடான ஆர்ஜன்டீனாவுக்கு 1996இல் அந்தச் சலுகை கிடைத்தது. பொருளாதாரம் நொருங்கியதும் 2002இல் பறிக்கப்பட்டது. ஒரு ஆர்ஜன்டீனர் தனிப்பட்ட முறையில் எந்தப் பிழையும் செய்திருக்கவேண்டியதில்லை, அவருடைய நாட்டு நாணயம் விழுந்தால் போதும்.

பிரேசில் அரசு மட்டும் சுத்தம் எண்டும் சொல்லேலாது. 1937இல் யூதர்களுக்கு விசா குடுக்கவேண்டாம் எண்டு தன் தூதரகங்களுக்கு இரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது இதே வெளிநாட்டமைச்சுத்தான். பிரான்ஸில் இருந்த தூதுவர் சோசா டான்டாஸ் அந்தத் தடைகளை மீறி நூற்றுக்கணக்கானோருக்கு விசா குடுத்தார். பிறகு இராணுவ ஆட்சி. 1976இல், வெளிநாடு போகும் பிரேசிலியர் 12,000 குருசெய்ரோ வைப்பிலிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு வட்டி இல்லாமல் திருப்பித் தருவார்கள். அந்தப் பணவீக்கத்தில் திரும்பி வருவது எவ்வளவு பெறுமதி என்று யோசிச்சுப் பாருங்கோ. கல்விப் பாடத்தில் நாங்கள் படிக்கிற பாவ்லோ ஃபிரெய்ரே 1964 சதிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர், 1979 வரை பிரேசில் கடவுச்சீட்டு இல்லாமலே இருந்தார்.

திரும்ப 2004க்கு வருவோம். விரல் அடையாளச் சண்டை நடந்த அதே வருசம் மெக்சிக்கோ பிரேசிலியருக்கு விசாவை நீக்கியது. தூதரகத்தில் நிராகரிக்கப்பட்டவர்கள் மெக்சிக்கோ போய், அங்கிருந்து எல்லையால் இறங்கினார்கள். 'கொயோத்தே' எண்டு அவர்கள் சொல்லுறது எங்கட ஊரில ஏஜென்சிக்காரர். 2005இல் எல்லையில் பிடிபட்ட பிரேசிலியர் 30,000க்கு மேல். அதே ஆண்டு குளோபோ தொலைக்காட்சியில் 'அமெரிக்கா' எண்ட தொடர்நாடகம், நாயகி இந்த வழியால் போகப் பார்க்கிற கதை. நாடகம் முடியமுதலே, ஒக்டோபரில், மெக்சிக்கோ விசாவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. 2013இல் நீக்கி, 2022இல் திரும்பவும் கடவுச்சீட்டில் ஒட்டும் விசா கேட்டது.

வரிசை உண்மையில் அசைந்தது 2012இல். ஒபாமா ஜனவரி 19ஆம் திகதி புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் நின்று, பிரேசிலிலும் சீனாவிலும் விசா வழங்கும் கொள்ளளவை 40 சதவீதம் கூட்டுவதாக அறிவித்தார். இடத்தைக் கவனியுங்கோ. பிரேசில் நாணயம் அப்போது பலமாக இருந்தது, பிரேசிலியர் மயாமியிலும் ஒர்லாண்டோவிலும் காசை அள்ளிச் செலவழித்தார்கள். நீதிபதியின் கட்டளையால் அசையாதது கடைக்காரருக்காக அசைந்தது.

2019இல் பொல்சனாரோ அரசு பரஸ்பரத்தையே கைவிட்டது. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, ஜப்பான் நாட்டவர்களுக்கு விசா வேண்டாம், பதிலுக்கு எதுவும் வேண்டாம். ஆரும் எதுவும் தரவும் இல்லை. லூலா அதைத் திருப்பினார். ஜப்பான் மட்டும் பேச்சுக்கு வந்து, 2023 செப்டெம்பர் கடைசியில் இரண்டு நாடுகளும் விசாவை நீக்கின. ஆகவே பரஸ்பரம் வெறும் வீறாப்பு என்று நாங்கள் தள்ளிவிடவில்லை. மற்றப் பக்கமும் பேச விரும்பினால் அது வேலை செய்கிறது. மற்ற மூன்று நாட்டவருக்கும் 2025 ஏப்ரல் 10இல் விசா திரும்பி வந்தது.

ஆனாலும் அது சமமான விசா இல்லை. அமெரிக்கர் வீட்டிலிருந்தே இணையத்தில் 80.90 டொலர் கட்டி எடுத்துவிடலாம். 2023இலிருந்து பிரேசிலியர் கட்டுவது 185 டொலர், நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது. முதல் தடவை கேட்பவர் நேர்முகத்துக்கும் போகவேணும். அதுக்கு நாடு முழுக்க ஐந்தே நகரங்கள்: பிரசிலியா, சாவோ பாவ்லோ, ரியோ, ரெசிஃபி, போர்ட்டோ அலெக்ரே. அமேசன் நடுவில் இருக்கிற மனாவுஸ்காரருக்கு பிரசிலியாவே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர். அந்த விமான ரிக்கற்றுக்கும் காசு அவர்தான் போடவேணும்.