அந்த ஒரு மணி நேரம்

நவீன யோகாவின் வரலாற்றை யார் சொல்லத் தொடங்கினாலும் ஆண்களின் பெயர்களே வரிசையாக வந்து நிற்கின்றன: கிருஷ்ணமாச்சாரியா, குவலயானந்தா, சிவானந்தா, ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ். ஆனால் இன்று லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு யோகா வகுப்பின் கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே யோகா மேட் விரித்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குருமார்களின் வரலாறு ஒன்று, கூடத்தின் வரலாறு இன்னொன்று. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இரண்டாவது. பெண்கள் அந்தக் கூடத்துக்குள் எப்படி வந்தார்கள்? வருவதற்கு என்ன காரணம் சொன்னார்கள்?

காரணம் என்ற சொல்லை யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். உடற்பயிற்சி செய்யப்போகும் ஆணிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்ணிடம் கேட்கிறார்கள். "அம்மியில் அரைத்து, கிணற்றில் இறைத்து, குனிந்து கோலம் போட்ட காலத்தில் பெண்களுக்கு எந்த நோயும் வரவில்லை, இப்போது எதற்கு யோகா?" என்று எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது சொல்லியிருப்பார். அம்மியில் அரைத்த பெண்ணின் இடுப்பு வலியை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது ஒருபுறம். இதில் மறைக்கப்படுவது வேறொன்று. அம்மி அரைத்தது மற்றவர்களின் சாப்பாட்டுக்காக. பயிற்சிக்கூடத்தில் கழியும் ஒரு மணி நேரம் அவள் உடலுக்காக மட்டுமே. அந்த நேரத்தைப் பெறப் பெண்கள் ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு சாக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சாக்குகளைத் தொடர்ந்து சென்றால் கூடத்தின் வரலாறு தெரிகிறது.

லண்டனிலிருந்து தொடங்குகிறேன். மேரி பாகட் ஸ்டாக் என்ற பெண், ராணுவ அதிகாரியின் மனைவியாக இந்தியா வந்து, இங்கே சில ஆசனங்களையும் உடலைத் தளர்த்தும் முறையையும் கற்றுக்கொண்டவர். முதல் உலகப் போரில் கணவரை இழந்தார். 1930இல் 'பெண்கள் ஆரோக்கிய, அழகுச் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்த பெண்கள் மாலையில் வந்து, இசைக்கேற்ப ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். ஒரு வகுப்புக்குக் கட்டணம் ஆறு பென்ஸ். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் சங்கம் வெளியே சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். 'இன ஆரோக்கியம்' என்பது அதன் முழக்கங்களில் ஒன்று. வலுவான தாய், வலுவான பிள்ளை, வலுவான தேசம் என்ற கணக்கு அது. இனத்தூய்மைக் கருத்துகள் ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்றிருந்த காலம். உள்ளே வந்த பெண் நாளெல்லாம் தட்டச்சு செய்து வலித்த தோளை நீட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் காட்டிய அனுமதிச் சீட்டில் தேசத்தின் பெயர் இருந்தது.

இவ்வகைப் பெண்கள் பயிற்சி வகுப்புகளுக்கும் இன்றைய யோகா வகுப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியிட்ட 'யோகா பாடி' நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். மெதுவாக நீட்டுவது, மூச்சைக் கவனிப்பது, கடைசியில் படுத்து உடலைத் தளர்த்துவது என மேற்கில் இன்று யோகா என்ற பெயரில் நடப்பவற்றில் பல, அங்கே பெண்களுக்கான உடற்பயிற்சி மரபில் முன்பே வேரூன்றியிருந்தவை.

இந்தியாவில் அதே ஆண்டுகளில் கதவு வேறு விதமாக இருந்தது. 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாவின் யோகசாலை தொடங்கியபோது அது முதன்மையாக அரச குடும்பத்துச் சிறுவர்களுக்கானது. 1930களின் பிற்பகுதியில் அங்கே வந்து கற்க விரும்பினார் இந்திரா தேவி. 1899இல் ரீகாவில் பிறந்த இவரது இயற்பெயர் யூஜினியா பீட்டர்சன். பெண் என்பதாலும் வெளிநாட்டவர் என்பதாலும் ஆசிரியர் மறுத்தார். மைசூர் மன்னர் சொன்ன பிறகே கதவு திறந்தது. கணவர் தூதரக அதிகாரி, மன்னரோடு பழக்கம். அந்த வாய்ப்பு எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கும்?

அதே காலத்தில் அந்த ஆசிரியரின் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் ஆசனங்களில் தேர்ந்திருந்தார். கிருஷ்ணமாச்சாரியாவின் மனைவி நாமகிரியம்மா. 1938இல் எடுக்கப்பட்ட பேசாப் படத்தில் அவரும் குழந்தைகளும் ஆசனங்கள் செய்துகாட்டுகிறார்கள். புடவை கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் அந்த உடலைப் பார்க்கும் யாரும் அதன் பயிற்சியைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் வரலாற்றில் அவர் ஒருவருக்கு மனைவியாகவும் ஐயங்காருக்கு அக்காவாகவும்தான் வருகிறார்.

பம்பாயில் நிலைமை சற்று மாறியிருந்தது. 1918இல் யோகேந்திரா தொடங்கிய யோகா நிலையத்தில் அவருடைய மனைவி சீதா தேவி ஆசிரியராகவே பொறுப்பேற்றார். பெண்களுக்கான யோகப் பயிற்சி பற்றி 1934இல் அவர் பெயரிலேயே நூல் வந்தது. யோகா ஓர் இந்தியப் பெண்ணின் கையில் பாடமாகி, இன்னொரு பெண்ணின் கைக்குப் போவதை இங்கே பார்க்கிறோம்.

இந்திரா தேவி 1947இல் அமெரிக்கா சென்று ஹாலிவுட்டில் பயிற்சிக்கூடம் திறந்தார். நடிகை குளோரியா ஸ்வான்சன் அவரது மாணவிகளில் ஒருவர். 1953இல் வந்த அவரது நூலின் தலைப்பு என்றும் இளமை, என்றும் ஆரோக்கியம் என்று வாக்களித்தது. தேசத்துக்காக என்ற சாக்கு போய், இளமைக்காக என்ற சாக்கு வந்தது. முகம் சுருங்கினால் வாய்ப்புப் போய்விடும் ஊரில் அது வெறும் ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

பிரிட்டனில் நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1960களிலும் 70களிலும் யோகா அங்கே பரவியது ஆசிரமங்களால் மட்டும் அல்ல. உள்ளாட்சி நிர்வாகங்கள் நடத்திய முதியோர் கல்வி மாலை வகுப்புகள் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்றன. பள்ளிக்கூடத்து ஹால், அரசு மானியம், குறைந்த கட்டணம். தையல் வகுப்புக்கும் மொழி வகுப்புக்கும் பக்கத்தில் யோகா வகுப்பு. லண்டன் கல்வி நிர்வாகம் ஆன்மிகப் போதனை கூடாது என்ற நிபந்தனையோடு ஐயங்கார் முறையை ஏற்றுக்கொண்டது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலிருந்தே ஆசிரியைகளும் உருவானார்கள். பர்மிங்காமில் கற்பித்த யோகினி சுனிதா பம்பாயில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து புலம்பெயர்ந்தவர். மன்னரின் சிபாரிசு இல்லாமல் ஒரு சாதாரணப் பெண் கூடத்துக்குள் நுழைய முடிந்ததற்குப் பொதுப்பணமும் பொதுக்கட்டடமும் காரணம். "அனைவரும் வருக" என்ற பலகைக்குப் பின்னால் யாரோ வாடகை கொடுத்தாக வேண்டும்.

உடலைப் பற்றிய அறிவும் மெல்லப் பெண்கள் பக்கம் திரும்பியது. புனேயில் ஐயங்காரின் மகள் கீதா ஐயங்கார் மாதவிடாய், கர்ப்பம், மகப்பேற்றுக்குப் பிந்தைய மாதங்கள், மாதவிடாய் நிற்கும் பருவம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சிகளை வகுத்தார். 1983இல் ஆங்கிலத்தில் வந்த அவரது 'யோகா: எ ஜெம் ஃபார் விமன்' இன்றும் வாசிக்கப்படுகிறது. மாதவிடாய் நாட்களில் எதைச் செய்யக் கூடாது என்று அவர் சொன்னதோடு இன்றைய பெண்கள் பலர் உடன்படுவதில்லை. உடன்படாமல் வாதிடவும் அவர்தான் ஓர் இடத்தை உண்டாக்கித் தந்தார்.

நான் போகும் கூடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. காலையில் யோகா, மாலையில் இசையோடு உடற்பயிற்சி, சனிக்கிழமை முட்டி மடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி யோகா. சுடிதாரில் வருகிறார்கள், புடவையில் வருகிறார்கள், பர்தாவோடு வந்து உள்ளே கழற்றி மடித்து வைக்கிறார்கள். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர் முதல் நாளே காரணம் சொல்லிவிடுகிறார்: "சுகர் ஏறிடுச்சு, டாக்டர் நடக்கச் சொன்னார்", "தைராய்டு இருக்கு", "பொண்ணுக்குப் பிசிஓடி, துணைக்கு வந்தேன்". இந்திரா தேவிக்கு மன்னர், நமக்கு டாக்டர். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வந்தேன் என்று சொன்னவரை இந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைதான் கேட்டேன். அவருக்கு வயது அறுபத்தெட்டு. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில்.

வகுப்பு ஏழு மணி வரை என்றாலும் ஆறே முக்காலுக்கே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடம், உடலைத் தளர்த்திப் படுத்திருக்க வேண்டிய நேரம், அது அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. அந்த மாடியைக் கூட்டிப் பெருக்கும் அக்கா நாங்கள் வருவதற்கு முன்பே வந்து போய்விடுகிறார். அவருக்குத் தெரிந்த கூடத்தில் தூசி மட்டுமே இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவருக்கு யோகா எதற்கு என்று கேட்பவர்கள், அம்மிக் கதையைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

இதை வாசிக்கும் மாணவிகள் தங்கள் ஊரில் இருக்கும் வகுப்பைச் சென்று பாருங்கள். எத்தனை மணிக்கு நடக்கிறது, மாதக் கட்டணம் எவ்வளவு, குழந்தையை உட்காரவைக்க இடம் இருக்கிறதா, யார் கற்பிக்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று எழுதிவையுங்கள். வந்தவர்கள் சொன்ன காரணத்தையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். நாமகிரியம்மாவுக்கு அப்படி எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை.