ஹாலோவீன் வீடாகும் கிறிஸ்துமஸ் கிராமம்

கிறிஸ்துமஸ் கிராமம் என்பது அமெரிக்க வீடுகளில் பண்டிகை மரத்தடியிலோ அலமாரியிலோ அடுக்கப்படும் சிறு பொம்மை வீடுகளின் தொகுப்பு. பென்சில்வேனியாவில் 1741இல் பெத்லகேம் நகரை நிறுவிய மொராவியக் கிறித்தவர்களின் 'புட்ஸ்' என்னும் குடில் காட்சியே இதன் மூலம். 1920, 1930களில் ஜப்பானிய அட்டை வீடுகள் மலிவுக் கடைகளில் விற்றன. பின்புறத் துளையில் சிறு மின்விளக்கைச் செருகலாம். போர் அந்த இறக்குமதியை நிறுத்தியது. 1976இல் டிபார்ட்மென்ட் 56 நிறுவனம் ஆறு பீங்கான் வீடுகளுடன் வழக்கத்தைப் புதுப்பித்தது.

பின்னாளில் பேய் வீடுகளும் தனி வரிசையாக வந்தன. ஆனால் விலை அதிகம். எனவே கைவினை ஆர்வலர்கள் மலிவான கிறிஸ்துமஸ் வீட்டையே அக்டோபர் 31க்கு மாற்றத் தொடங்கினர். முதலில் கறுப்பு வண்ணம் பனியை மறைக்கிறது. காய்ந்தபின், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் சாம்பல் நிறத்தை மேலோட்டமாகத் தேய்த்தால் ஓட்டு விளிம்புகளில் மட்டும் அது பிடித்து, பாழடைந்த தோற்றம் வருகிறது. மஞ்சள் விளக்குக்குப் பதில் பச்சை அல்லது ஊதா. பெரிய மாற்றம் தேவைப்படுவதில்லை. பனி நீங்கினால் எஞ்சுவது விக்டோரியா காலத்துச் செங்குத்துக் கூரை, அமெரிக்கர் மனத்தில் பேய் வீட்டின் வடிவமும் அதுவே.

போருக்கு முந்தைய ஜப்பானிய வீடுகளில் மட்டும் இதைச் செய்யலாகாது. அட்டையில் ஊறிய வண்ணத்தை எடுக்க இயலாது. தூரிகையைத் தொடுமுன் வீட்டைக் கவிழ்த்து, அடியில் ஜப்பான் என்ற முத்திரை உள்ளதா என்று பார்ப்பது நல்லது.